ஜன்னல் கயிறும் ஊர் எல்லையும்

மாடி அறை ஜன்னலை மேலே தூக்கியபோது சுவருக்குள் தொப்பென்று ஏதோ விழுந்தது. அதன் பிறகு அந்த ஜன்னல் நிற்கவே இல்லை. கையை எடுத்தால் சடாரென்று கீழே இறங்கியது. 2017 செப்டம்பர் மாதம் அது. நியூஜெர்சி மாநிலத்தின் ஹாடன்ஃபீல்டில் நாங்கள் வீடு வாங்கிக் குடியேறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. வீட்டுக்கு வயது நூறுக்கு மேல். அதேபோல மரச்சட்டம் போட்ட ஜன்னல்கள் மொத்தம் 16 இருந்தன.

குளிர் வருவதற்குள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வினைல் என்ற பிளாஸ்டிக் ஜன்னல் போட்டுவிடுவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். விலை சொல்ல வந்தவர் இரண்டே நாள் வேலை என்றார். முன்பணத்துக்குக் காசோலைகூட எழுதி வைத்துவிட்டேன். அன்று மாலை, வேலிக்கு அந்தப் பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் குழாயை மூடிவிட்டு வேலியருகே வந்தார். "கமிஷனிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றார். எந்தக் கமிஷன் என்று நான் விழித்தேன். ஜன்னல், கூரை, வேலி, வாசல்படி என்று தெருவிலிருந்து கண்ணில் படுகிற எதையும் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெரு அந்தப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருக்கிறது. வீடு வாங்கும்போது எத்தனையோ காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். இந்த ஒன்றை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஹாடன்ஃபீல்டுக்குக் குடிவரலாமா என்று கேட்டு நம்மவர்கள் சிலர் என்னை அழைப்பதுண்டு. எல்லோரும் முதலில் கேட்பது பள்ளிக்கூடத்தின் தரவரிசையை. நான் ஜன்னலிலிருந்து தொடங்குவேன். அந்த ஜன்னலைப் பழுதுபார்த்த கதையில்தான் இந்த ஊரின் நல்லதும் எனக்கு உறுத்துவதும் சேர்ந்தே இருக்கின்றன.

ஹாடன்ஃபீல்டு ஒரு பரோ. நம் பேரூராட்சியை நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைவிட இதற்கு அதிகாரம் மிக அதிகம். ஏழரை சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் நிலம், 2020 கணக்கெடுப்பின்படி 12,550 பேர். இத்தனை சிறிய ஊருக்குத் தனிக் காவல்துறை, தனிப் பள்ளி மாவட்டம், தனி நூலகம், தனி வரி. கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில் ஜெயித்து வந்து ஊரை நடத்தும் கமிஷனர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்கிக்கொள்கிறார்கள். கடையில் ரொட்டி வாங்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர் கமிஷனராக இருப்பார்.

நியூஜெர்சியில் இப்படிச் சின்னதும் பெரியதுமாக 564 உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஏன் இத்தனை என்று வியப்பவர்களை எங்கள் ஊர் எல்லையில் உள்ள டாவிஸ்டாக்குக்கு அழைத்துப்போய்க் காட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல்ஃப் ஆட இருந்த தடையைத் தாண்டுவதற்காக, கோல்ஃப் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 1921இல் தங்களுக்கென்று ஒரு பரோவையே அமைத்துக்கொண்டார்கள். அதன் மக்கள்தொகை 2020இல் 9. எல்லைக்கோடு போட்டுக்கொள்ளும் உரிமை இங்கே எவ்வளவு கனமானது என்று அந்த ஒன்பது பேர் ஊரைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

ஊரின் பெயர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த எலிசபெத் ஹாடன் என்ற பெண்ணிலிருந்து வந்தது. 1701இல், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், தந்தையின் நிலத்தைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். அடுத்த ஆண்டு ஜான் எஸ்டா என்ற குவேக்கர் போதகரை மணந்து இங்கேயே வாழ்ந்து முடித்தார். அவருக்கு முன்பு இது லெனாப்பி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பிரதான வீதியான கிங்ஸ் ஹைவேயில் 1750இல் கட்டிய இந்தியன் கிங் டேவர்ன் இன்னும் நிற்கிறது. புரட்சிப் போர்க் காலத்தில், 1777இல், நியூஜெர்சி சட்டமன்றம் அங்கே கூடியது. சட்ட வாசகங்களில் 'காலனி' என்ற சொல்லை நீக்கி 'மாநிலம்' என்று எழுதியது அந்தக் கூட்டத்தில்தான். இவ்வளவு புகழ்பெற்ற மதுவிடுதி இருந்தும், ஊரில் பல தலைமுறைகளாக மதுக்கடைக்கு உரிமம் கிடையாது. உணவகத்துக்குப் போகிறவர்கள் வேண்டுமானால் தங்கள் பாட்டிலைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். விருந்தினரை அழைத்துப்போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. மேப்பிள் அவென்யூ முடிகிற இடத்தில் ஒரு சிறு பூங்காவும் அதன் கீழே மரங்கள் அடர்ந்த பள்ளமும் இருக்கின்றன. 1838 வாக்கில் ஜான் ஹாப்கின்ஸ் என்ற நிலச்சொந்தக்காரர் வயலுக்கு உரமாகப் போடும் மண் அங்கே தோண்டியபோது பெரிய பெரிய எலும்புகள் கிடைத்தன. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவற்றைக் கொடுத்துவிட்டார். இருபது ஆண்டு கழித்து, 1858இல், வில்லியம் பார்க்கர் ஃபோல்க் என்பவர் அந்தக் கதையைக் கேள்விப்பட்டு, மூடிப்போன குழியை மறுபடி தோண்டவைத்தார். தொல்லுயிர் ஆய்வாளர் ஜோசஃப் லைடி ஆராய்ந்து அதற்கு ஹாட்ரோசாரஸ் ஃபோல்கி என்று பெயரிட்டார். 1868இல் ஃபிலடெல்ஃபியாவில் அதைக் கோத்து நிறுத்தினார்கள். உலகிலேயே முதன்முதலாகக் கோத்து நிறுத்திய டைனோசர் எலும்புக்கூடு அதுதான். தலையெலும்பு கிடைக்கவே இல்லை. என் மகள் சிறுமியாக இருந்தபோது வாரம் தவறாமல் அந்தப் பள்ளத்தில் இறங்கித் தலையைத் தேடினாள். இப்போது ஊர் நடுவே ஹாடி என்ற வெண்கலச் சிலை நிற்கிறது, 2003இல் வைத்தது. சனிக்கிழமை காலையில் அதன் வாலைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

ஜன்னலுக்கு வருகிறேன். பாதுகாப்புக் குழுவின் கூட்டத்துக்கு நான் சண்டைபோடும் மனநிலையோடுதான் போனேன். மின்கட்டணக் கணக்கு, வினைல் ஜன்னலின் விளக்கத் தாள், குழந்தையின் விரல் நசுங்கப் பார்த்த கதை, எல்லாம் கையில். அங்கே நாலைந்து ஊர்க்காரர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் வந்த முகங்கள். நான் கொண்டுபோன புகைப்படங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் ஒரு படத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "மரம் உளுக்கவில்லை. கயிறுதான் அறுந்திருக்கிறது" என்றார். உள்ளே பழைய ஜன்னலைச் சரிசெய்து, வெளிப்பக்கம் ஒரு கண்ணாடிக் காப்பு ஜன்னல் மாட்டினால் குளிர் அடைபடும், செலவும் குறையும் என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

அந்தச் சமயத்தில் அம்மா காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் கருவிப்பெட்டியோடு வந்தார். ஜன்னல் நிலையின் அடிப்பகுதியில், பல தலைமுறை பெயின்ட்டுக்கு அடியில், ஒரு சாண் நீளத்துக்குச் சின்ன மரமூடி ஒன்று இருப்பதைக் கத்தி முனையால் கீறிக் காட்டினார். திருகாணியைக் கழற்றியதும் மூடி பெயர்ந்து வந்தது. உள்ளே கையைவிட்டு, சப்பாத்திக் கட்டையின் பருமனில் ஒரு வார்ப்பிரும்புத் துண்டை வெளியே எடுத்தார். துருவும் தூசியும் ஒட்டிய அதன் தலையில் ஒரு துளை, துளையில் இற்றுப்போன கயிற்றின் மிச்சம். ஜன்னலின் எடைக்கு ஈடாகச் சுவருக்குள் இரண்டு பக்கமும் இப்படி இரும்பு தொங்கும். மேலே உள்ள சின்ன உருளை வழியாகக் கயிறு ஓடும். அதனால்தான் ஜன்னலை எந்த உயரத்தில் விட்டாலும் நிற்கிறது.

பார்த்துக்கொண்டே நின்ற அம்மா, "என்னம்மா இது, நம் கிணற்று ராட்டினம்தானே?" என்றார். பெரியவர் புதுக் கயிற்றில் போட்ட முடிச்சு இரண்டு தடவை நழுவியது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றை வாங்கி, வாளிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். இரும்பு மேலே ஏறியது, ஜன்னல் நின்றது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. அன்று மதியம் வரை இரண்டு பேருமாக நான்கு ஜன்னல்களை முடித்துவிட்டார்கள்.

சாப்பிட்ட பிறகு அம்மா வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பிறந்த ஊரில் பர்மா தேக்குத் தூண்கள் வைத்த வீடுகளைப் பாகம் பிரிக்க முடியாமல் இடித்து, தூணையும் கதவையும் லாரியில் ஏற்றிப் பழம்பொருள் கடைகளுக்கு அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர். "இங்கே ஒரு ஜன்னலுக்கு நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது.

வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவு: இப்படிப்பட்ட பழைய ஊரில் வீட்டின் முகவரி பாதுகாப்பு வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பரோ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். அந்த வீட்டுக்கு இதுவரை என்னென்ன அனுமதி வாங்கினார்கள், எது முடிக்கப்படாமல் நிற்கிறது என்பதைப் பொதுப் பதிவேட்டுச் சட்டப்படி யாரும் எழுதிக் கேட்கலாம். பொதுவாக ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பம் ஒரே ஒரு தாள்தான். நான் அதைச் செய்திருந்தால் அந்தக் காசோலையை எழுதியிருக்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. வீட்டைச் சூடாக்க ஒரு காலத்தில் எண்ணெய் பயன்படுத்தினார்கள். அந்த எண்ணெய்த் தொட்டியைத் தோட்டத்தில் புதைத்து வைப்பது வழக்கம். பிறகு எரிவாயுக்கு மாறியவர்கள் பலர் தொட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். அது துருப்பிடித்து ஒழுகினால், மண்ணைத் தோண்டிச் சுத்தப்படுத்தும் செலவு அப்போதைய வீட்டுச் சொந்தக்காரர் தலையில்தான் விடியும். என் தோழி ஒருத்தி, வேறொரு ஊரில், சமையலறையைப் புதுப்பிக்கச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் அதில் இழந்தாள். வழக்கமான வீட்டுப் பரிசோதனையில் இது சேராது. தொட்டி தேடுவதற்கென்றே தனியாக ஆள் வைத்துப் பாருங்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் கேமராவையும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய மரங்கள் உள்ள தெருவில் பழைய சுட்டமண் குழாய்க்குள் வேர் புகுந்திருக்கும். 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. நாங்கள் ஜன்னலைச் சுரண்டுவதற்கு முன் சோதனை செய்து, ஈரப்படுத்தித்தான் சுரண்டினோம். மகளை அன்று நண்பர் வீட்டில் விட்டிருந்தோம். வீட்டுத் தரகர் தயாரித்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாலும், நியூஜெர்சியில் வழக்கறிஞர் அதைப் பார்த்து மாற்றவோ ரத்துசெய்யவோ மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த மூன்று நாளை வீணாக்காதீர்கள்.

வரி பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் வீட்டுவரி கட்டுவது இங்கே சர்வசாதாரணம். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நான்கு தவணை. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகிறது. வங்கிக் கடன் அடைந்த பிறகும் இந்த வரி அடையாது. ஓய்வுபெற்றவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் 2022இல் அப்படித்தான் போனார். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் வழக்கமாக ஏப்ரல் 1க்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். வரித்தாள் வந்த பிறகு புலம்புவதில் பயனில்லை.

இவ்வளவு கொடுத்தும் ஏன் வருகிறார்கள் என்றால், பிள்ளைகளுக்காக. மூன்று தொடக்கப் பள்ளிகள், ஒரு நடுநிலைப் பள்ளி, ஒரு உயர்நிலைப் பள்ளி. என் மகள் பள்ளிக்கு நடந்தே போனாள், மழையிலும் பனியிலும். வழியில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வாசல் நடைபாதையில் பனியை வாரியிருந்தால்தான் பிள்ளைகள் நடக்க முடியும். அதனால் பனி கொட்டிய காலையில் மற்ற எதற்கும் முன்னால் மண்வாரியோடு வாசலுக்குப் போய்விடுங்கள். அது சட்டம் என்பதற்காக நான் சொல்லவில்லை. நான் தூங்கிப்போன ஒரு நாள், எங்கள் வாசலை யாரோ வாரிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

ஆனால் பள்ளி மாவட்டம் முகவரியைப் பொறுத்தது. எல்லைத் தெருவில் இந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளிக்கும் எதிர்வீட்டுப் பிள்ளை வேறொரு பள்ளிக்கும் போகும். அஞ்சல் முகவரியில் ஹாடன்ஃபீல்டு என்று எழுதியிருந்தும் பரோவுக்கு வெளியே இருக்கிற வீடுகள் உண்டு. விளம்பரத்தை நம்பாமல், வரிச்சீட்டு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

நான் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 1969இல் தொடங்கிய பாட்கோ ரயிலில் சுமார் இருபது நிமிடப் பயணம். ஹாடன்ஃபீல்டில் தண்டவாளம் தரைமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் ஓடுகிறது; ரயில் ஊரை மறைப்பதும் இல்லை, ஊருக்குப் பெரிதாகக் கேட்பதும் இல்லை. வெஸ்ட்மான்ட், காலிங்ஸ்வுட் நிலையங்களைத் தாண்டி, கொஞ்ச நேரத்தில் கேம்டன் நகரம் வந்துவிடும். அமெரிக்காவின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்றாகப் பல காலம் பேசப்பட்ட ஊர். பலகை அடித்து மூடிய வீடுகள் ஜன்னலில் ஓடும். பிறகு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலம், ஆறு, அலுவலகம்.

முதல் ஆண்டு நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே அந்த ஊரைக் கடந்தேன். எங்கள் ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் கேம்டனில் ஏறுவார். இருவருக்கும் ஒரே வயதில் மகள்கள். அவர் ஒருநாள் மகளின் பள்ளிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒட்டுப்போட்ட பழைய அட்டை. அன்று வீட்டுக்கு வந்து பள்ளிப்பணம் எங்கிருந்து வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். வீட்டுவரியை நம்பிப் பள்ளி நடத்தினால் விலையுயர்ந்த வீடுகள் உள்ள ஊரின் பள்ளிதான் செழிக்கும். இதை எதிர்த்து நடந்த வழக்கில் முதலாவதாக இருக்கும் பெயர் ரேமண்ட் அபட், கேம்டன் மாணவர். 1990இல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் ஏழை மாவட்டங்களுக்கு மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்கும் முன்பே, 1975இல், இங்கிருந்து வெகுதூரமில்லாத மவுன்ட் லாரல் என்ற ஊரில் எதெல் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி முன்னின்ற வழக்கில், ஏழைகள் நுழைய முடியாதபடி நில விதிகளை வளர்ந்துவரும் ஊர்கள் வகுக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. பெரிய மனைதான் வேண்டும், அடுக்குமாடி கூடாது என்றெல்லாம் விதி போடுவது சுவர் எழுப்புவதற்குச் சமம் என்பதை அப்போதே கண்டுகொண்டிருக்கிறார்கள்.

இது தெரிந்த பிறகு எனக்குப் பிடித்த அந்த ஊர்விதிகளை வேறு கண்ணால் பார்க்க வேண்டியதாயிற்று. ஜன்னலைக் காப்பாற்றிய அதே அக்கறை, புதிதாக ஒரு குடியிருப்பு வரப்போகிறது என்றால் "ஊரின் குணம் கெட்டுவிடும்" என்ற பேச்சாக மாறுவதை நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். என் வாசல் பனியை வாரியவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்.

2024இல் வந்த புதிய மாநிலச் சட்டப்படி, கட்டுப்படியாகும் செலவில் கிடைக்கும் வீடுகளுக்கான தங்கள் திட்டத்தை ஊர்கள் 2025 ஜூன் 30க்குள் இறுதிசெய்ய வேண்டியிருந்தது. அந்த வசந்தகாலத்தில் இதைப் பேசிய ஒரு கூட்டத்துக்குப் போனேன். கூட்டங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: முன்னறிவிப்பு இல்லாமல் உள்ளாட்சிக் கூட்டம் நடத்தக் கூடாது என்று 1975லிருந்தே சட்டம் இருக்கிறது, 48 மணி நேரத்துக்கு முன் பொருள் என்னவென்று தெரிவித்துவிடுவார்கள். பொதுமக்கள் பேச நேரம் உண்டு. குடியுரிமையோ ஓட்டுரிமையோ இருக்கிறதா என்று அங்கே என்னை யாரும் கேட்டதில்லை. நம்மவர்கள் வரி கட்டுகிறோம், பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம், அந்த நாற்காலிகளில் மட்டும் உட்காருவதில்லை. ஒரு சின்ன ஊரில் இருபது பேர் வரும் கூட்டம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முதல் இரண்டு கூட்டங்களில் வெறுமனே உட்கார்ந்து கேளுங்கள். யார் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று புரிந்துவிடும்.

என் முறை வந்தபோது எழுதி வைத்திருந்த தாளைப் படித்தேன். கை நடுங்கியது. ஆய்வகத் தோழியைப் பற்றிச் சொன்னேன், பெயர் சொல்லாமல். ஃபிலடெல்ஃபியா மருத்துவமனையில் உங்கள் இரத்தத்தைப் பரிசோதிப்பவர் அவர். உங்கள் ஊர் வழியாகப் போகிற ரயில் பாதையில்தான் வாழ்கிறார். அவர் சம்பளத்தில் இங்கே ஓர் அறைகூடக் கிடைக்காது என்றேன். ஒரு ஜன்னல் கயிற்றுக்காக எனக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கியவர்கள் நீங்கள், அந்தப் பொறுமையை இந்தக் குடும்பங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டேன். யாரும் கைதட்டவில்லை. எனக்குப் பின்னால் பேசியவர் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினார். வெளியே வந்தபோது, 2017இல் என் புகைப்படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தவர் வாசலில் நின்றிருந்தார். "மீதி ஜன்னல்கள் என்ன ஆயின?" என்று கேட்டார்.

16இல் 15 முடிந்துவிட்டது. மாடிப்படி வளைவில் இருக்கிற ஒன்று மட்டும் பாக்கி. அதற்கு ஏணி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். தன்னிடம் ஏணி இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் அந்த முடிச்சைத் தொலைபேசியில் மறுபடி ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.